திருப்திங்களா?

காலையில் மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேகலா மட்டும் சுவிட்ச் போர்டுக்குக் கீழே, கக்கத்தில் மெத்தையை இடுக்கிக்கொண்டு நின்றாள். மெத்தை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாமியாரின் பழைய புடவையை மடித்து, உள்ளே கழிவுத் துணியை அடைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்துத் தைத்தது. ஏற்காட்டுக் குளிரில் இரும்பு ஸ்டூலில் நாள் முழுக்க உட்காருகிறவளுக்கு அது இல்லாமல் ஆகாது. மற்றவர்களின் மெத்தைகள் அவரவர் ஸ்டூலில் கட்டிய கட்டு அவிழாமல் கிடந்தன. சில, கட்டியவள் உட்காரும் வாகுக்கு ஏற்றபடி குழிந்தே போயிருந்தன. மேகலாவின் மெத்தைக்கு மட்டும் நிலையான விலாசம் கிடையாது. சாயங்காலமானால் அவளோடு பஸ் ஏறி நாகலூர் போய், காலையில் அவளோடு திரும்பி வரும்.

இன்சார்ஜ் செபாஸ்டின் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்தவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள், வராதவர்கள்தான் தெரிவார்கள். எந்த ஸ்டூல் காலியோ அதுதான் அன்றைக்கு மேகலாவின் இடம்.

“மேகலா, பேட்லாக் மிஷின்ல பாவாயி வரல பாருங்க. இப்போதைக்கு அங்க உக்காந்துக்கோங்க. மத்தியானம் பாத்துக்கலாம்.”

“சரிங்க சார்.”

இந்த 'மத்தியானம் பாத்துக்கலாம்' இருக்கிறதே, அதுதான் அவளைக் கொன்றது. உட்காரும்போதே எழுந்திருக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு உட்காருவது ஒரு உட்காருதலா? நாடாவை அவிழ்த்துக் கட்டலாமா, வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கட்டாமலே மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

பஜாருக்குப் பின்னால், ஒரு காலத்தில் காப்பிக்கொட்டை மூட்டைகளை அடுக்கிவைத்த கிடங்கு அது. மழைக்காலத்தில் சுவர் வேர்த்தால் இன்னமும் காப்பி வாசம் வரும். வெட்டிய துணி கட்டுக் கட்டாகக் கீழேயிருந்து வேனில் ஏறி வரும். குழந்தைகள் ராத்திரி போட்டுக்கொண்டு தூங்குகிற சட்டையும் பேன்ட்டுமாக இங்கே தைத்து முடிந்து மறுபடி மலை இறங்கும். எந்தத் தேசத்துக் குழந்தைகளோ, முயல் படம் போட்டதும் நிலா படம் போட்டதுமாகச் சட்டைகள். நாகலூரிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் வருகிற பெண்கள்தான் தையல்காரர்கள். எஸ்டேட் வேலைக்குப் போய் அட்டைக்கடி வாங்காமல், தலைக்கு மேல் கூரையோடு ஒரு வேலை கிடைக்கிறது என்று வந்தவர்கள். மேகலாவும் அப்படி வந்தவள்தான்.

வந்த புதிதில் கைமடி. அதாவது டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து, பிசிறு வெட்டுகிற வேலை. அப்புறம் ஓவர்லாக் மிஷின் கொடுத்தார்கள். இரண்டாவது ஜன்னலோரம். சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஓட்டுவது மட்டும்தான் வேலை. அதையே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்ட வேண்டும். கேட்கிறவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேகலாவுக்கு அது அலுக்கவே இல்லை. கை தன்பாட்டுக்கு ஓடும், மனசு தன்பாட்டுக்கு ஓடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரம். அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மூட்டம் வந்தால் முதலில் மரத்தின் உச்சி மறையும், அப்புறம் கொடி மறையும், அப்புறம் ஜன்னல் கம்பி மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் அவள் எத்தனையோ நினைத்திருக்கிறாள். அப்பனிடம் சண்டை போட்டிருக்கிறாள், செத்துப்போன அம்மாவோடு பேசியிருக்கிறாள், புருஷன் சத்யராஜுக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் சொல்லித் தீர்த்து, வீட்டுக்குப் போகும்போது அவனிடம் கோபமே இல்லாமல் போயிருக்கிறாள். அந்த இடத்தில் சந்தோஷமாக இருந்தோம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்வது?

போன மழைக்காலத்தில்தான் வினை வந்தது. ட்ரெய்னிங் என்ற பெயரில் வந்தது. கீழே உள்ள பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து, ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் முன்னேற முடியாது, எல்லா மிஷினும் கற்றுக்கொண்டால்தான் முன்னேற்றம் என்று சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. ஓவர்லாக், கீழ் ஓரம் மடித்து அடிக்கிற பேட்லாக், சிங்கர், பட்டன் துளை போடுகிற காஜா, பட்டன் என்று ஒவ்வொரு மிஷினாகக் காட்டினார்கள். டீயும் பன்னும் உண்டு. மேகலாவுக்குச் சின்ன வயதில் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனதில் ஒரு ஏக்கம் உள்ளே கிடந்தது. நல்லா வருது, வெரி குட் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அது காத்துக்கொண்டே இருந்திருக்கிறது போல. சொன்னார்கள். அவள் ஓட்டினாள், ஓட்டினாள், எல்லா மிஷினையும் ஓட்டிவிட்டாள். கடைசி நாளில் செபாஸ்டின் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள், போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். 'ஆல்ரவுண்டர்' என்று கீழே எழுதியிருந்தது. சம்பளமும் கொஞ்சம் ஏறியது. சத்யராஜ் டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னான். “எங்கூட்டுக்காரி ஆல்ரவுண்டருங்க” என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆல்ரவுண்டர் என்றால் என்ன அர்த்தம் என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. வாழவந்தியிலிருந்து புதிதாக வந்த சிவரஞ்சனி என்ற பெண்ணை அவளுடைய ஜன்னலோரத்தில் உட்காரவைத்தார்கள். “உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றார் செபாஸ்டின், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. அன்றைக்கு ஸ்டூலிலிருந்து அவிழ்த்ததுதான் இந்த மெத்தை. எல்லாம் தெரிந்தவளுக்கு எதுவும் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. இப்போது காப்பிப் பழம் எடுக்கிற பருவம் வேறு. சொந்தமாக நாலு செடி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிடுகிறார்கள். காலையில் ஒரு மிஷின், டீக்கு முன்னால் ஒன்று, டீக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்று பெடலைத் தொட்டாலே பாயும், இன்னொன்று மிதித்தாலும் முனகும். அதன் குணம் கால்பெருவிரலுக்குப் பழகும் நேரத்தில் எழுந்து போக வேண்டும். மனசு எங்கேயும் போக முடிவதில்லை. கையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

நடுவில் ஒருநாள் சேலத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். ட்ரெய்னிங்கால் என்ன பலன் என்று விசாரிக்க வந்தவர். நல்ல பெண்மணிதான், எல்லோரையும் கும்பிட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ட்ரெய்னிங்குக்கு அப்புறம் உங்களுக்கு வேலையில திருப்தி இருக்குதுங்களா?” என்று கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மலையில் திருப்தியா என்று யாரும் யாரையும் கேட்பது ஒரே ஒரு இடத்தில்தான். கல்யாணப் பந்தியில். இலையை மூடப்போகிற நேரத்தில் பெண்ணின் அப்பனோ மாப்பிள்ளையின் மாமனோ தோளில் துண்டோடு வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். “திருப்திங்களா? திருப்திங்களா?” பாயசம் தண்ணியாக இருந்தாலும் “நொம்ப திருப்திங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதுதான் மரியாதை. முன் வரிசையில் இருந்த புவனா எழுந்து, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, “நொம்ப திருப்திங்க மேடம். வெத்தல பாக்கு மட்டும் குடுத்தீங்கன்னா கெளம்பிருவமுங்க” என்றாள். கிடங்கே சிரித்தது. மேடமும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். மேகலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மெத்தையின் நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

புவனா மேகலாவுக்கு ஒன்றிரண்டு வயது இளையவள். இருவரும் நாகலூர் எஸ்டேட்டில் ஒரே லைனில் குடியிருக்கிறவர்கள். புவனாவுக்கு சிங்கர் மிஷின். சட்டைக்குப் பாக்கெட் வைப்பாள். ட்ரெய்னிங் ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லை. பேட்லாக்கில் உட்கார வைத்தால் நூலை அறுப்பாள், ஓவர்லாக்கில் உட்கார வைத்தால் துணியைக் கடிக்கவிடுவாள். “எனக்கு வராதுங்க சார்” என்று ராகம் போட்டுச் சொல்வாள். “எங்கம்மா என்னைய பெத்தப்பவே பாக்கெட்டு வெக்கறதுக்குன்னுதானுங்க பெத்துச்சு.” செபாஸ்டின் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். புவனா தன் இடத்துக்குத் திரும்பி வந்து, பாட்டு முனகிக்கொண்டு பாக்கெட் வைப்பாள்.

பாவாயி வராத அன்று மத்தியானம் பேட்லாக்கிலிருந்து காஜாவுக்கும் காஜாவிலிருந்து செக்கிங் மேஜைக்கும் மாறிய பிறகு, மேகலா நேராக செபாஸ்டினிடம் போனாள். இப்படிக் கேட்கப் போகிறோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

“சார், எனக்கு என்ற எடத்தையே குடுத்துருங்க சார். ஏத்துன சம்பளங்கூட வேண்டாமுங்க.”

செபாஸ்டின் பொல்லாத மனுஷன் இல்லை. அவருக்கும் கீழேயிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு ஆல்ரவுண்டர் இருந்தே ஆகணும் மேகலா. நான் என்ன பண்ணட்டும்? ஒண்ணு செய்யலாம். இன்னொரு ஆள நீங்க தயார் பண்ணிக் குடுங்க. நீங்களே ட்ரெய்னிங் குடுங்க. புவனா இருக்காளே, கை வேகம் இருக்கு, மண்டையிலதான் ஏற மாட்டேங்குது. நீங்க ஒரே லைன்காரங்க, சொன்னா கேப்பா. அவ தேறிட்டான்னு நீங்க சொன்ன அன்னைக்கே சிவரஞ்சனிய அவ எடத்துக்கு மாத்திட்டு, உங்க ஜன்னல உங்களுக்கே குடுத்தர்றேன்.”

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் மேகலா வாத்தியாரம்மா ஆனாள். புவனா சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள். மேகலா காட்டுவாள். துணியை இழுக்காதே, தானாகப் போகவிடு, ஊசியைப் பார்க்காதே, ஓரத்தைப் பார். புவனா தலையை ஆட்டிவிட்டுக் கோணலாக ஓட்டுவாள். “பாத்தீங்களாக்கா? எனக்கு வராதுன்னு சொன்னா யாரு நம்பறீங்க?” மேகலா பொறுமையாகப் பிரித்துக் கொடுப்பாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. தன்னுடைய ஜன்னல் இந்தப் பெண்ணின் மரமண்டைக்குள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று அலுப்பாக மட்டும் இருந்தது.

பிறகு ஒருநாள், பாதி வகுப்பில் எழுந்து கழிப்பிடம் போய்விட்டு வந்தாள். கதவுக்கு வெளியே வரும்போதே பேட்லாக் ஓடுகிற சத்தம் கேட்டது. தெரியாதவர் ஓட்டினால் மிஷின் திக்கும். கொஞ்சம் ஓடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓடும். இது அப்படி இல்லை. ஒரே மூச்சாகப் போய், வளைவில் கொஞ்சம் அடங்கி, மறுபடி நிமிர்ந்து ஓடியது. யாருடா இவ்வளவு நன்றாக ஓட்டுகிறார்கள் என்றுதான் மேகலா முதலில் நினைத்தாள். மற்றவர்கள் எல்லாம் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே புவனா மட்டும்தான். கதவு கிறீச்சிட்டது. சத்தம் உடனே திக்க ஆரம்பித்தது.

மேகலா பக்கத்தில் போய் நின்று, புவனா அவசரமாகக் கோணலாக்கிய துணியைப் பார்த்தாள். ஓரத்திலிருந்து பாதி தூரத்துக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு தையல். அப்புறம் குடிகாரன் நடந்த மாதிரி.

சாயங்காலம் நாகலூர் பஸ். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது புவனாவின் வேலை. எஸ்டேட் ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நெருக்கியடிக்கிற வண்டியில் மேகலாவுக்கென்று ஒரு இடத்தை அவள் ஒருநாளும் பிடிக்காமல் விட்டதில்லை. நாள் முழுக்க இடமில்லாதவளுக்கு உறுதியாகக் கிடைக்கிற ஒரே இடம் அது. வண்டி ஏரியைத் தாண்டியது.

“எத்தன நாளா நடக்குது இது?” என்றாள் மேகலா.

புவனா புரியாத மாதிரி நடிக்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை வைத்திருந்தாள். “ஆரம்பத்துலருந்தேதானுங்கக்கா.”

“ஏன் புள்ள?”

“காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. எனக்கு அந்த எடம் புடிச்சிருக்குது. பாக்கெட்டு வெக்கறப்ப எம்மனசு என்றகூடவே இருக்குது. ஊட்டுலயும் ஆளுக்கொரு பக்கம் கூப்புடறாங்க, இங்கயும் கூப்புட்டா நான் எங்கதானுங்க இருக்கறது?”

“அப்ப நானு? என்னைய பாத்தா உனக்குப் பாவமா இல்லையா? தெனம் மெத்தைய இடுக்கிட்டு நிக்கறனே.”

புவனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். “நீங்க ஏனுங்கக்கா அவ்ளோ நல்லா தெச்சீங்க? அன்னைக்கே நான் கண்ண காட்டுனேன். நீங்கதான் பாக்கல. கை தட்டறதையே பாத்துட்டு நின்னீங்க.”

மேகலாவுக்குச் சுரீரென்றது. அவள் சொன்னது உண்மைதானே. நல்ல பேருக்கு ஆசைப்பட்டாள், வாங்கினாள். அதற்குப் புவனா என்ன செய்வாள்? வண்டி வளைவில் சாய்ந்தபோது புவனா வழக்கம்போல அவள் தோளில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் மாமியார் வீராயி அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுத்தே முட்டியைத் தேய்த்துக்கொண்டவள். மருமகள் மெத்தையை மூலையில் எறிந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் எடம் குடுக்கலையாக்கும்?” என்றாள். மேகலா டீ போட்டாள். “எங்கள அட்ட கடிச்சுது, மழ நனச்சுது, ரைட்டரு வஞ்சாரு, எல்லாஞ் செரி. ஆனா காலைல ஒரு நெர செடி காட்டுனாங்கன்னா சாயந்தரம் வரைக்கும் அது என்ற நெர. எவளும் உள்ள வந்து ஒரு பழம் தொட மாட்டா. உங்க கம்பெனில கூர இருக்குது, பேனு இருக்குது. ஒரு நெர இல்லையாம்” என்று வீராயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எரிச்சலாக இருந்தது மேகலாவுக்கு. பழைய கஷ்டத்தை இவள் ஏன் இவ்வளவு பெருமையாகச் சொல்கிறாள்? முட்டியைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் முனகுவதும் இதே வாய்தானே. ஆனாலும் அந்த 'என்ற நெர' என்ற வார்த்தை டீ குடிக்கும்போது கூடவே இருந்தது.

முடிவு செய்துகொண்டுதான் படுத்தாள். வெள்ளிக்கிழமை செபாஸ்டின் புவனாவைப் பரீட்சை பார்க்கப் போகிறார். வராது சார், அவளுக்கு வரவே வராது என்று சொல்லிவிடுவது. வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் ஆல்ரவுண்டராகவே காலம் போகட்டும். தினமும் இடம் பிடித்துத் தருகிறவளின் இடத்தை நாம் பிடுங்குவதா? சத்யராஜிடம் சொன்னாள். அவன், “நீ பெரிய ஆளாச்சே, நீ சொல்றதுதான் சட்டம்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். கேலியா, பெருமையா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிவரஞ்சனி வரவில்லை. அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் பழம் எடுக்கிறார்களாம். செபாஸ்டின் இரண்டாவது ஜன்னலைக் காட்டி, “இன்னைக்கு உங்க எடத்துலயே உக்காந்துக்கோங்க” என்றார் சிரித்துக்கொண்டு. மேகலா உட்கார்ந்தாள். சிவரஞ்சனியின் மெத்தையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள். நாடாவைக் கட்டினாள். பெடலில் கால் வைத்ததும் மிஷின் ஓடியது, நேற்று விட்ட இடத்திலிருந்து ஓடுகிற மாதிரி. சில்வர் ஓக் மரத்தில் மிளகு சிவக்கத் தொடங்கியிருந்தது. இத்தனை நாள் யார் பார்த்தார்கள் அதை? மூட்டம் இறங்கி வந்து உச்சியை மூடியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசினாள். வீராயியைப் பற்றிப் புகார் சொன்னாள், மகள் ஹரிணி புதிதாகக் கண்ணாடி போட்டிருப்பதைச் சொன்னாள். சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் சேர்ந்து விழுந்தன. கழுத்து வலி, இடுப்பு வலி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முன்னால் புவனாவின் முதுகு, பாட்டு முனகலுக்கு ஏற்ப லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் செபாஸ்டின் வந்து நின்றார். “மேகலா, பட்டன்ல வேலை தேங்கி நிக்குது. கொஞ்சம் வாங்க.” அவள் நாடாவை அவிழ்த்தாள். காலையில் ஏன் அவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்றிருந்தது. முடிச்சு வரவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். பட்டனில் கொஞ்ச நேரம், அங்கிருந்து பேட்லாக், அப்புறம் ஆள் இல்லாத காஜா. மூன்று மணி வாக்கில் கால்கள் இரண்டும் கனத்து, கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் செபாஸ்டின் கூப்பிட்டார்.

புவனா பேட்லாக்கில் உட்கார்ந்திருந்தாள். கையில் முயல் படம் போட்ட சட்டை. செபாஸ்டின் ஒரு பக்கம், மேகலா ஒரு பக்கம். புவனா ஓட்டினாள். மிஷின் திக்கியது, நின்றது, யோசித்தது. எடுத்துப் பார்த்தால் கீழ் ஓரம் முழுக்கக் கோணல். “எனக்கு வராதுங்க சார்” என்றாள். சொல்லிவிட்டு மேகலாவை ஒருமுறை பார்த்தாள். பயமில்லாத பார்வை. அக்கா இருக்கிறாள் என்கிற பார்வை.

“என்னங்க மேகலா, வருமா, வராதா? நீங்க சொல்லுங்க. நீங்கதான ட்ரெய்னிங் குடுத்தீங்க.”

வராது என்று சொல்லத்தான் மேகலா வாயைத் திறந்தாள்.

“வருமுங்க சார்” என்றாள்.

செபாஸ்டின் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். “இவ்ளோ கோணலா இருக்குதே?”

“பக்கத்துல ஆளு நின்னாத்தானுங்க சார் கோணுது. தனியா உட்டுப் பாருங்க, நேராப் போவும்.”

தன் குரல்தானா அது என்றிருந்தது அவளுக்கு. குரலில் ஆத்திரமில்லை, வஞ்சனையில்லை. நாளெல்லாம் நின்று களைத்தவள் கிடைத்த ஸ்டூலில் பொத்தென்று உட்காருவதுபோல வந்து விழுந்துவிட்டது. செபாஸ்டினுக்கு ஒரே சந்தோஷம். “அட, பயமா? இதுக்குப் போயா இத்தன நாளு? பயப்படாத புவனா, எல்லாம் பழகிரும். திங்கக்கெழமையிலிருந்து நீதான் ஆல்ரவுண்டர்.” அவர் கை தட்டினார். விஷயம் தெரியாமல் வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். மேகலாவின் கையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. புவனா தொங்கிக்கொண்டிருந்த நூலைக் கத்தரியால் வெட்டினாள். வெட்டிய பிசிறை விரலில் சுற்றிக் குப்பைப் பெட்டியில் போட்டாள். அன்று சாயங்காலம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு முன்னாலேயே ஜீப்பில் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேகலா தன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினாள். மிஷினின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். மிளகு இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. நிமிர்ந்தபோது எதிரே சுவிட்ச் போர்டுக்குக் கீழே புவனா நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் மெத்தை. பூப்போட்ட நைட்டித் துணியில் தைத்தது. இத்தனை வருஷமாக ஸ்டூலில் ஒட்டிக் கிடந்ததால் அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது, கக்கத்திலும் அந்தக் குழி நிமிரவில்லை. செபாஸ்டின் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். “புவனா, காஜாவுல உக்காந்துக்க. மத்தியானம் பாத்துக்கலாம்.”

மேகலா குனிந்துகொண்டாள். அன்று முழுக்கக் குனிந்தே இருந்தாள். அம்மாவிடம் பேசலாம் என்று பார்த்தாள், அம்மா வரவில்லை. நடுநடுவே ஏதோ ஒரு மிஷின் ஓடுகிற சத்தம் காதில் விழும். காஜாவிலிருந்து ஒருமுறை, பேட்லாக்கிலிருந்து ஒருமுறை, கதவோரத்து ஓவர்லாக்கிலிருந்து ஒருமுறை. எங்கேயும் திக்கவில்லை. ஒரே மூச்சாகப் போய், வளைவில் அடங்கி, நிமிர்ந்து ஓடியது. எத்தனை நன்றாக ஓட்டுகிறாள் என்று கேட்கக் கேட்க மேகலா இன்னும் குனிந்தாள். பாட்டு முனகல் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

சாயங்காலம் அவள் வேண்டுமென்றே தாமதித்தாள். மிஷினைத் துடைத்தாள், துடைத்த மிஷினை மறுபடியும் துடைத்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மூட்டம் முழுதாக இறங்கி, நாகலூர் பஸ்ஸின் முன்விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. வண்டி நிறைந்திருந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்து, ஆட்களுக்கு நடுவே நுழைந்து பார்த்தாள். வழக்கமான இடத்தில் புவனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் துண்டு இல்லை. மெத்தை கிடந்தது.

நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. யாரோ ஒரு அம்மா, “ஆளு வருதாம்” என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேகலா அருகில் போய் நின்றாள். புவனா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது, ஒரே நாளில். கோபம் இருந்தால் தாங்கியிருக்கலாம். பந்தியில் கடைசி வரிசை வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு வந்து களைத்துப்போன ஒருவரின் குரலில், மரியாதையாகக் கேட்டாள்.

“திருப்திங்களாக்கா?”

மேகலாவுக்கு வாயில் வழக்கமான பதில் வந்து நின்றது. இலையை விட்டு எழுந்திருக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பதில். அதைச் சொல்ல முடியவில்லை.

புவனா மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி ஏரிப்பக்கம் திரும்பிச் சாய்ந்தபோது நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். மேகலாவும் மேல் கம்பியைப் பிடித்தபடி சாய்ந்தாள். பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கிழிந்த ரெக்சினில் மெத்தை கிடந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் அமுங்கியே இருந்தது.